மெழுகு அடைத்த விண்மீன்கள்

என் நாத்தனாருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அவளைப் பற்றிச் சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது. இதைப் பாதியில் சொன்னால் படிக்கிறவர்கள் 'த்சொ' கொட்டுவதற்கு நின்றுவிடுவார்கள். எங்கள் வீட்டில் 'த்சொ' கொட்டுகிறவர்களுக்குத் தேநீர் கிடையாது.

ஊரில் அவளை ஹலோ அக்கா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை பார்த்தவள். அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கும் வேலை எனக்கு. வார்டிலிருந்து போனை எடுத்தால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மூணாவது மாடி அக்காதானே? மூச்சு வாங்குது. லிஃப்ட் மறுபடி படுத்துடுச்சா?" என்பாள். ஒருநாள் டாக்டருக்கு இணைப்புக் கேட்டுக் காத்திருந்தபோது, "எங்க அண்ணன் ஒருத்தன் இருக்கான். நல்லவன். போன்ல பேச வராது. நேர்லயும் அவ்வளவுதான். பாக்குறீங்களா?" என்றாள். பார்த்தேன். அதிகம் பேசாமல் நல்ல கணவராக வாழ்ந்து, அதிகம் படுத்தாமல் போய்ச் சேர்ந்தார். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் வேலையை ஒரு பெட்டி பறித்தது. பலகையைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லத் தொடங்கியது. ஹலோ அக்காவுக்குப் பிரிவு உபசாரமாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கண் தெரியாதவளுக்குச் சுவர்க் கடிகாரம். எனக்கு வந்த கோபத்துக்கு அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். "டிக் டிக்னு கேக்குதுல்ல, விடுங்க அண்ணி" என்று தடுத்துவிட்டாள். ஆனால் அந்தக் குரலை மட்டும் அவள் விடவில்லை. வங்கியோ, மின்வாரியமோ, எரிவாயுக் கடையோ, எங்கே பதிவுக் குரல் கேட்டாலும் அவளுக்கு அது அந்த ஒரே பெண்தான். "இங்கேயும் வந்து உக்காந்துட்டா பாருங்க, என் சக்களத்தி" என்பாள்.

விண்வெளி எங்கள் வீட்டுக்குள் வந்ததே அந்தச் சக்களத்தியால்தான்.

எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளிக் கோளரங்கம் இருக்கிறது. கவிழ்த்த கிண்ணம் மாதிரிக் கூரை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்க ஹலோ அக்கா அங்கே போன் செய்தாள். நாங்கள் போவதற்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள் என்பதற்காக. "நட்சத்திரங்களைப் பற்றி அறிய ஒன்றை அழுத்தவும்" என்றது குரல். அவ்வளவுதான். மனித ஜாதி ஒருவர் வந்து பேசும்வரை விடுவதில்லை என்று எல்லா எண்ணையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். கடைசியில் ஒரு இளம்பெண் எடுத்தாள்.

"அப்பாடா, உயிரோட ஒரு ஆள். ஏம்மா, கண்ணு தெரியாதவங்க நட்சத்திரத்தப் பத்தித் தெரிஞ்சுக்க எதை அழுத்தணும்?"

வம்புக்குத்தான் கேட்டாள். அந்தப் பெண் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டதாம்.

"உங்களுக்குக் கண்ணு தெரியாதாங்க?"

"தெரியாது."

"விரல் நல்லாத் தொட்டுப் பாக்குமா?"

"என்னம்மா கேள்வி இது?"

"தப்பா நெனைக்காதீங்க. நான் உங்களத்தான் தேடிட்டு இருக்கேன்."

அவள் கோளரங்கத்தின் பட்டறையில் மாதிரிகள் செய்கிறவள். நாங்கள் அவளை அச்சுப் பெண் என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவளும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்து அனுப்பும் படங்களை, தடவிப் பார்க்கிற பலகைகளாக அச்சு இயந்திரத்தில் வார்த்தெடுப்பது அவள் வேலை. படத்தில் வெளிச்சம் அதிகமுள்ள இடம் பலகையில் மேடு, இருட்டான இடம் பள்ளம். தொட்டுப் பார்க்கும் அறை ஒன்று திறக்கப் போகிறார்கள். கும்மிருட்டாக வைப்பார்கள், கண் தெரிந்தவர்களும் கையால்தான் பார்க்க வேண்டும். பலகைகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று சோதிக்க விரல் வேண்டியிருந்தது.

அந்த வாரமே எங்கள் சாப்பாட்டு மேஜை பறிபோனது. நான் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் எதிரே பல கோடி விண்மீன்கள். "அந்த கேலக்ஸியக் கொஞ்சம் தள்ளு" என்று நான் சொல்லுவதும், "மேல தண்ணி தெளிக்காதீங்க" என்று அவள் சொல்லுவதும் வாடிக்கையானது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பாடம் எதையும் அவள் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் தன் இணைப்புப் பலகையில் சொருகிப் பார்த்தாள். அச்சுப் பெண் ஒரு பலகை கொண்டுவந்தாள். கையை நீட்டி, விரல் நுனியில் ஒரு மணல் துகளை ஏந்தினால் அது மறைக்கிற அளவு வானம்தான் அந்தப் பலகை முழுக்க. அந்தத் துக்கடா இடத்தைத் தொலைநோக்கி உற்றுப் பார்த்தபோது, உள்ளே ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள். சிலவற்றின் வெளிச்சம் ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது.

ஹலோ அக்கா அந்தப் பொரிப்பொரியான மேடுகளை நெடுநேரம் தடவினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"டிரங்க் கால் அண்ணி."

"என்ன டிரங்க் கால்?"

"அந்தக் காலத்துல கால் புக் பண்ணிட்டுக் காலையிலேர்ந்து உக்காந்திருப்பாங்கல்ல. இது அதுதான். புக் பண்ண ஆளு எப்பவோ கடையக் கட்டிட்டுப் போயிட்டான். கால் இப்பத்தான் வந்து சேருது. ஹலோ ஹலோங்குறான். பாவம், நம்மளத் தவிர எடுக்க நாதியில்ல."

தூசித் தூண்களின் பலகை வந்தது. உயர உயரமான புகைத் தூண்களுக்குள் புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. பழைய தொலைநோக்கிக்கு வெளிப் புகை மட்டும்தான் தெரிந்தது, புதியது வெப்ப ஒளியில் பார்ப்பதால் திரையை விலக்கி உள்ளே இருக்கும் குழந்தைகளையும் காட்டிவிட்டது என்றாள் அச்சுப் பெண். "அப்ப இது பிரசவ வார்டு. இதை எங்க அண்ணி பாத்துக்குவாங்க" என்று பலகையை என் பக்கம் தள்ளினாள். நானும் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பாக இருந்தது. கண்ணால் பார்க்கிறவர்களுக்கு விரல் மந்தம்.

பெரிய விண்மீன் ஒவ்வொன்றிலும் நெருஞ்சிக்காய் போல முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த முட்கள் விண்மீனுடையவை அல்ல, தொலைநோக்கிக் கண்ணாடியின் வடிவத்தால் வருகிறவை என்று அச்சுப் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஆகவே முள்ளில் ஹலோ அக்கா ஏமாறவில்லை. ஏமாறவில்லை என்கிற தெம்பில்தான் அடுத்ததில் தலைகுப்புற விழுந்தாள்.

அதற்கு முன் கோளரங்கத்து இயக்குநரைச் சொல்லிவிடுகிறேன். படித்தவர், பதமானவர், விண்மீன்களைப் பற்றிப் பேசும்போதும் வானிலை அறிக்கை வாசிப்பது போலப் பேசுவார். தொட்டுப் பார்க்கும் அறையில் வருகிறவர்களுக்கு யார் விளக்கம் சொல்வது என்ற பேச்சு எழுந்தது. அச்சுப் பெண், ஹலோ அக்காவைப் போடலாம் என்றாள். இயக்குநர், எல்லாருக்கும் ஹெட்போன் கொடுத்துப் பதிவு செய்த குரலை ஓடவிடலாம் என்றார். "குரல்னா தப்பே சொல்லாது பாருங்க" என்றாராம்.

இது காதில் விழுந்த அன்று ஹலோ அக்கா சாப்பிடவில்லை. கோபமாக இருந்தால் நன்றாகச் சாப்பிடுவாள். சாப்பிடாமல் இருந்தால்தான் எனக்குக் கவலை.

"ஒருதடவ எழுந்து போயிட்டேன் அண்ணி. கடிகாரத்த வாங்கிட்டு, கையத் தட்டுனாங்க, எழுந்து போயிட்டேன். இன்னொரு தடவ அவளுக்கு நாற்காலிய விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அச்சுப் பெண் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி செய்தாள். நிர்வாகக் குழுவினரை ஒருநாள் இருட்டறைக்குள் அழைத்துப் போய் ஹலோ அக்கா விளக்கிக் காட்டுவாள். அது பிடித்தால் அவள். பிடிக்காவிட்டால் ஹெட்போன். இயக்குநர் நியாயமான மனிதர். ஒத்துக்கொண்டார்.

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் என் நாத்தனார் கண்டுபிடிப்பு நிகழ்த்தினாள்.

காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து சத்தம் வந்தது. விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். மேஜை முன் உட்கார்ந்து, ஒரு விண்மீன் உச்சியில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"குழி அண்ணி."

"எங்கே?"

"நட்சத்திரத்தோட நட்டநடுவுல. புதுசா வந்த பலகை இது. முள்ளெல்லாம் ஏறி ஏறி உச்சிக்கு வருது. உச்சியில பொசுக்குனு ஒரு ஓட்டை. இதுலயும் இருக்கு. இந்தா, இதுலயும். சின்னதுங்கள்ல இல்ல. பெருசு எல்லாத்துலயும் இருக்கு."

நானும் விரலை விட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஊசியால் குத்தியது போல ஒவ்வொரு பெரிய விண்மீனின் நடுவிலும் ஒரு பள்ளம்.

"கருந்துளை. ஒவ்வொரு பெரிய நட்சத்திரத்தோட வயித்துலயும் ஒரு கருந்துளை உக்காந்திருக்கு. யாரும் சொல்லலியே. பாத்துக்கிட்டே இருக்கறவனுக்கு எங்கேர்ந்து தெரியும்? தொட்டாத்தானே தெரியும்."

"அந்தப் பொண்ணக் கேளு முதல்ல."

"கேக்குறேன்" என்று போனை எடுத்தாள். நான் துணிக்குத் திரும்பினேன். அவள் அச்சுப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வானொலியில் காலையில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சி ஒன்று வரும். அடுத்த வீட்டு வானொலியிலிருந்து என் நாத்தனாரின் குரல் கொடிக் கம்பி வரைக்கும் வந்தபோது கையிலிருந்த போர்வை கீழே விழுந்தது. ஊருக்கெல்லாம் கேட்கும்படி, ஒவ்வொரு பெரிய நட்சத்திரத்தின் வயிற்றிலும் கருந்துளை இருப்பதைத் தன் வலதுகை ஆள்காட்டி விரலால் கண்டுபிடித்ததாக அறிவித்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நடத்துகிறவர் அவளுக்கு ஒரு பாட்டை வேறு ஒலிபரப்பினார்.

பாட்டு முடிவதற்குள் அச்சுப் பெண் வாசலில் நின்றாள். தலை வாராமல் வந்திருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"அக்கா, ஹலோ அக்கா, அது கருந்துளை இல்லக்கா."

"பின்ன?"

அவள் உட்கார்ந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்து, மூச்சு வாங்கி, சொன்னாள். பெரிய விண்மீனின் வெளிச்சம் தொலைநோக்கிக்குத் தாங்காது. மங்கலானதைப் பார்க்கச் செய்த கண் அது. நடுப்புள்ளியில் வெளிச்சம் அளவுக்கு மீறி நிரம்பி வழிந்துவிட்டால், கருவி அந்த இடத்தில் எதையுமே குறிக்காமல் விட்டுவிடும். கருவி அனுப்பும் மூலப் படத்தில் அது கறுப்புப் புள்ளியாக வரும். படத்தை அழகுபடுத்தி வெளியிடும்போது அந்தப் புள்ளியை நிரப்பிவிடுவார்கள். அவசரத்தில் அவள் சில பலகைகளுக்கு நிரப்பாத படங்களை இயந்திரத்தில் போட்டுவிட்டாள். இயந்திரம் கறுப்பைக் கண்டதும் குழி தோண்டிவிட்டது.

"அப்ப அங்கதான் வெளிச்சம் ரொம்ப அதிகமா?"

"ஆமாக்கா. அதுதான் உச்சி."

"உச்சியில கையை விட்டுட்டுப் பள்ளம்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஹலோ அக்கா ஒரு கோப்பைத் தேநீர் முழுவதையும் சத்தமில்லாமல் குடித்தாள். அப்புறம் கேட்டாள்: "டைரக்டர் ரேடியோ கேப்பாரா?"

"கேட்டுட்டுத்தான் எனக்கு போன் பண்ணாரு. 'இதுக்குத்தான் குரல்னேன்'னு சொன்னாரு."

புதிதாக அச்சடிக்க நேரமில்லை. குழிகளை எதையாவது வைத்து அடைக்க வேண்டும். அப்போதுதான் எல்லார் புத்தியிலும் ஒரே நேரத்தில் என் மெழுகுச் சட்டி வந்தது. ஹலோ அக்காவின் விரல் மூட்டுகள் காலையில் இறுகிப் போயிருக்கும். எத்தனை வருடம் இணைப்புப் பலகையில் கம்பி செருகி எடுத்த விரல்கள். தினமும் காலையில் மெழுகையும் எண்ணெயையும் இளஞ்சூட்டில் உருக்கி, அவள் கையை முக்கி எடுத்து, துண்டு சுற்றி வைப்பேன். மூட்டுவலிக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட வைத்தியம். அந்த மெழுகு கல்லாக இறுகாது, பசை மாதிரி இளக்கமாகவே இருக்கும்.

மறுநாள் பலகைகளை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனோம். அப்போது விளக்குப் போட்டிருந்தார்கள். ஹலோ அக்கா ஒரு பலகையின் முன் உட்கார்ந்தாள். மற்றவற்றை என்னிடம் விட்டாள்.

"குழி எங்க இருந்தாலும் அடைச்சிடுங்க அண்ணி. ஒன்னு விடாதீங்க. இனிமே என் வாழ்க்கையில குழியே வேண்டாம்."

வேலை என்று வந்துவிட்டால் நான் மிச்சம் வைக்கிறவள் இல்லை. கரண்டியால் ஊற்றி, கத்தியின் முதுகால் வழித்து, விரலால் தேய்த்து, ஒவ்வொரு விண்மீனையும் குழந்தையின் முதுகு மாதிரி வழவழப்பாக்கிவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த நாள் குழு வந்தது. இயக்குநர், நாடக சபையில் ராஜா வேஷம் கட்டுகிறவர் மாதிரிக் குரலுள்ள பொருளாளர், வார்டு கவுன்சிலர் அம்மா. துணைக்கு என்று நானும் உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். அச்சுப் பெண் கதவைச் சாத்தினாள். என் மூக்கே எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தவர்களில் நிம்மதியாக நடந்தவள் ஹலோ அக்கா ஒருத்திதான்.

"எல்லாரும் மோதிரத்தக் கழட்டிப் பையில போடுங்க. ஒருத்தர் தோளை ஒருத்தர் புடிங்க. சார், அது என் தோளு இல்ல, தலை."

"மன்னிக்கணும்" என்றது பொருளாளர் குரல்.

"இடது பக்கம் திரும்புங்க. இப்பக் கையக் கீழ வைங்க. நீங்க இருக்கிற இடம் ஒரு மணலளவு வானம்."

டிரங்க் கால் கதையைச் சொன்னாள். கவுன்சிலர் அம்மா சிரித்தார். பிரசவ வார்டைக் காட்டினாள். பொருளாளர், "எது குழந்தை? இதுவா?" என்று கேட்க, "அது என் சுண்டு விரல் சார்" என்றாள். மூன்றாவது பலகையிலேயே கவுன்சிலர் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இந்தக் குரல எங்கியோ கேட்டிருக்கேனே. ரேடியோவுல நட்சத்திரத்து வயித்துல ஓட்டைன்னு பேசுனது நீங்கதானே?"

இருட்டில் இயக்குநர் தொண்டையைச் செருமினார். என் கை கதவுப் பிடியைத் தேடியது.

"நான்தாங்க. அது தப்பு" என்றாள் ஹலோ அக்கா. குரலில் ஒரு சுருக்கம் இல்லை. "நட்சத்திரத்தோட வெளிச்சம் தாங்காம தொலைநோக்கி கண்ண மூடிக்கிச்சு. மூடுன இடம் படத்துல கறுப்பா வந்துச்சு. கறுப்புன்னா பள்ளம்னு மெஷின் நெனச்சிச்சு. பள்ளம்னா கருந்துளைன்னு நான் நெனச்சேன். நாங்க மூணு பேரும் சேர்ந்து ஏமாந்தோம். இப்பப் பள்ளமெல்லாம் அடைச்சாச்சு, தொட்டுப் பாருங்க."

"அட, வழவழன்னு இருக்கே" என்றார் கவுன்சிலர் அம்மா.

"எங்க அண்ணி கைவேலை. சரி, நிஜக் கருந்துளைக்கு வாங்க. இந்தப் பலகைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. எக்ஸ்ரேயில பாக்குற ஒரு தொலைநோக்கி எடுத்த படம். ஆயிரக்கணக்கான கேலக்ஸிங்க கூட்டமா இருக்கு, அதுங்களச் சுத்திக் கொதிக்கிற வாயு. நடுவுல ஒரு பெரிய கேலக்ஸி, அதுக்குள்ள கருந்துளை. நம்ம எல்லாருக்கும் என்ன சொல்லிக் குடுத்திருக்காங்க? கருந்துளை எல்லாத்தையும் முழுங்கும்னு."

"ஆமா, முழுங்கும்" என்றார் பொருளாளர்.

"முழுங்கறதுக்கு முன்னாடி துப்பும் சார். ஊட்டிவிடுறப்பப் பாதி வாயிலேர்ந்து வெளிய வரும்ல, அண்ணியக் கேளுங்க. ஆனா இது துப்புற வேகத்துல அந்த வாயுவே ஒதுங்கிப் போய், ரெண்டு பக்கமும் ரெண்டு பெரிய குழியாயிடுச்சு. கையை இங்க வைங்க. இதுதான் அந்த..."

நின்றுவிட்டாள்.

"இதுதான்..."

அவள் விரல்கள் பலகையின் மேல் பரபரவென்று ஓடுவது எனக்குக் கேட்டது. அந்த நொடி எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணி."

"என்ன?"

"இதையுமா அடைச்சீங்க?"

"குழி எங்க இருந்தாலும்னு சொன்னியே."

இருட்டில் இயக்குநரின் வானிலை அறிக்கைக் குரல், கொஞ்சம் தடுமாறி, ஒலித்தது. "அம்மா, அந்த ரெண்டு குழிதாங்க அந்தப் படத்தோட உயிரே. கருந்துளை தன்னைச் சுத்தி இருக்கறதைத் தள்ளிவிடுதுங்கறதுக்கு அதுதான் அத்தாட்சி. அதப் போய்..."

"மெழுகு போட்டு மூடிட்டேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

அப்போது ஹலோ அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. "பூமியில ஒருத்தி, ஒரு கரண்டிய வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. கவுன்சிலர் அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. பொருளாளர் ராஜா குரலில் 'ஹோ' என்றார். அந்தக் கும்மிருட்டில் எந்தச் சிரிப்பு யாருடையது என்றே தெரியவில்லை.

"டைரக்டர் சார், உங்க கட்டை விரலக் குடுங்க" என்றாள் ஹலோ அக்கா.

"எதுக்கு?"

"குடுங்களேன். இங்க வைங்க, நட்டநடுவுல. இந்த மேடு தெரியுதா? இதுதான் கருந்துளை இருக்கிற இடம். இப்ப நீங்கதான் அது. உங்களுக்குச் செம கோபம். மேல்பக்கம் தள்ளுங்க. மெழுகு இளக்கமாத்தான் இருக்கு, பயப்படாதீங்க, தள்ளுங்க. ஒதுங்குதா?"

"ஒதுங்குது" என்றார். குரல் மாறியிருந்தது.

"அம்மா, நீங்க கீழ்ப்பக்கம். பொருளாளர் சார், நீங்க வழிச்சு ஓரமா ஒதுக்குங்க. இந்த வாயு அப்படித்தான் ஓரத்துல குவிஞ்சு கெடக்கு. நகம் இருந்தா நகத்தப் போடுங்க."

வளர்ந்து, பதவியில் இருக்கும் மூன்று பேர் ஒரு பலகையின் மேல் கவிழ்ந்து மெழுகைத் தோண்டினார்கள். "நகருங்க, அது என் குழி" என்றார் கவுன்சிலர் அம்மா. "உங்க குழி அந்தப் பக்கம்" என்றார் பொருளாளர். "எனக்கு அடி தட்டுப்பட்டுடுச்சு" என்று இயக்குநர் கத்தினார். கத்தியது அவர்தானா என்று அச்சுப் பெண் பிறகு இரண்டு தடவை என்னிடம் கேட்டாள்.

"இப்ப வெளிப்பக்கமாத் தடவுங்க. மெல்ல. தண்ணியில கல்லைப் போட்ட மாதிரி வளைய வளையமா வருதா? கருந்துளை தள்ளத் தள்ள, அந்த வாயுவுல அலை போகுது. அலைன்னா சத்தம்தான். அந்தச் சத்தத்தோட ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எவ்வளவு நேரம் சார்? நீங்களே சொல்லுங்க."

"கிட்டத்தட்ட ஒரு கோடி வருஷம்" என்றார் இயக்குநர். வாசிக்கவில்லை, சொன்னார்.

"கேட்டீங்களா? ஒரு ரிங் அடிச்சு அடுத்த ரிங் அடிக்க ஒரு கோடி வருஷம். எடுக்குறவங்க அவசரப்படவே வேண்டாம். சாப்பிட்டு, கையக் கழுவிட்டு வந்து எடுக்கலாம்."

கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு வந்தபோது மூன்று பேரும் பார்க்கக் கண்கொள்ளாமல் இருந்தார்கள். கவுன்சிலர் அம்மாவின் முழங்கை வரை மெழுகு. பொருளாளரின் மூக்கில் ஒரு கட்டி. இயக்குநர் தன் கட்டை விரலைத் தூக்கிப் பிடித்து, அதைத் தன்னுடையதல்ல என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹலோ அக்கா நிமிர்ந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து விரலைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அவள் சாப்பிடாத அன்று இருந்த முகம்.

"சார், நான் தப்பு சொன்னது நெஜம். குழிய அடைச்சதும் நெஜம். குரல்னா அடைச்சிருக்காது."

"அடைச்சிருக்காது" என்றார் இயக்குநர். "தோண்டவும் சொல்லியிருக்காது."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அந்த மெழுகு இன்னும் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"சட்டி நெறைய இருக்கு."

"தினமும் காலையில ஒருதடவ மூடி வைக்க முடியுமா? வர்றவங்க எல்லாரும் தோண்டட்டும்."

பொருளாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஹெட்போன் என்னாச்சு?" என்றார்.

"கையெல்லாம் மெழுகா இருக்கு சார், அதை வெச்சுக்கிட்டு எப்படி மாட்டுறது?" என்றார் இயக்குநர்.

அச்சுப் பெண் ஹலோ அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். இறக்கிவிடு, இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஒத்தடம் கொடுத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் காலை வேலை இதுதான். அடுப்பில் மெழுகுச் சட்டி. முதலில் அவள் விரல்கள், அப்புறம் அண்டவெளி. மிச்சமிருக்கும் மெழுகைத் தூக்கிக்கொண்டு அவளோடு கோளரங்கத்துக்கு நடந்து, அந்த இரண்டு குழிகளை மட்டும் மூடிவிட்டு வருவேன். மற்ற விண்மீன்களை அச்சுப் பெண் புதிதாக வார்த்துவிட்டாள், உச்சியோடு. குழியுள்ள பழைய பலகை ஒன்றைத் தூக்கிப் போட ஹலோ அக்கா விடவில்லை. மெழுகை வழித்துவிட்டு அறை வாசலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களை முதலில் அதைத் தொடவிட்டு, "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்கிறாள். எல்லாரும் கருந்துளை என்கிறார்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கோளரங்கத்துத் தொலைபேசியிலும் இப்போது அந்தச் சக்களத்தி இல்லை. ஹலோ அக்கா மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவாளா என்று கேட்க நான் போன் செய்தால், எடுப்பதும் அவள்தான்.

"சொல்லுங்க அண்ணி. மூச்சு வாங்குது, மாடியிலேர்ந்து துணி எடுத்துட்டு வந்தீங்களா?"

"சாப்பிட வரியா இல்லையா?"

"லைன்லயே இருங்க. ஒரு கூட்டம் உள்ள இருக்கு. கருந்துளையத் தோண்டிட்டு வந்துடறேன்."

பின்னால் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சிரிக்கிற சத்தம் கேட்கும். அவள் வர நேரமாகும் என்று தெரியும். போனை மேஜை மேல் வைத்துவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.